ஒறிஜினல் அல்லாத பாகங்கள்

தோர்ண்டன் ஹீத்தில், பிறிக்ஸ்ரொக் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், ஒரு மொறிஸ் மைனர் கார் மூன்று கிழமையாக ஜக்கில் நின்றது. முன்பக்கத்து வலது சில்லைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தது. காருக்கு உரியவர் எழுபதைத் தாண்டிய ஓர் ஐயா. 1970களில் கணக்கியல் படிக்கவென்று வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஊரில் தகப்பனாரிடம் இருந்த காரின் ஞாபகத்தில், ஓய்வுபெற்ற பிறகு இந்த 1968ஆம் ஆண்டுக் காரை வாங்கி வைத்திருக்கிறார். நான் வேலைசெய்யும் சாப்பாட்டுக்கடை திங்கட்கிழமைகளில் பூட்டு. அந்த நாட்களில் அவருக்குக் கைகொடுக்கப் போவேன்.

பழுது புதினமானதல்ல. மைனரின் முன்சில்லைத் தாங்கும் கிங் பின்னின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரிகளில் 'ட்றனியன்' என்கிற கட்டைகள் நட்டுப் போல ஏறி நிற்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது கிங் பின் இந்தப் புரியில்தான் சுழலுகிறது. கிறீஸ் போடத் தவறினால் புரி தேயும். தேய்ந்தது வெளியே தெரியாது. ஒருநாள் ஏதாவதொரு திருப்பத்தில் பின் கட்டையை விட்டு உருவிக்கொண்டு வரும். சில்லு மடங்கி, கார் மூக்கைக் குத்தி நிற்கும். மைனர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அறிந்த நோய் இது.

ஐயா தொலைபேசியில் சொல்லி மூன்றாம் நாள் புதிய கிங் பின்னும் ட்றனியன்களும் பெட்டியில் வந்து சேர்ந்தன. எண்ணெய்த்தாளைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒறிஜினல் மாதிரியே கிடக்கு, என்ன தம்பி?" என்றார்.

"ஓம் ஐயா."

"உமக்கு இந்த வேலை எங்கை பழக்கம்?"

"பெரியப்பா ஹயர் ஓடினவர். அவற்றை கார் இதுதான்."

"அவர் சாமான் எங்கை எடுத்தவர்?"

நான் அதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு ஸ்பானரைத் தேடினேன். உண்மையான பதில் ஒரு வார்த்தையில் சொல்லக்கூடியதல்ல. அன்றிரவு வீட்டுக்கு வந்து எழுதத் தொடங்கியதுதான் இது.

மண்ணெண்ணெயில் கார் ஓடிய கதையை எம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபுறேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு போன கார்களைப் பற்றிய கட்டுரை இல்லாத சஞ்சிகை குறைவு. எனக்கு அதில் ஒரு குறை. எஞ்சின் சத்தம் போடும், புகை விடும், ஆகவே அது எல்லோருடைய ஞாபகத்திலும் நிற்கிறது. காருக்குக் கீழே படுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், அந்த வருடங்களில் கார் ஓடியது எண்ணெயால் மட்டுமல்ல என்பது. குண்டும் குழியுமான வீதியில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிற காரின் காலை யார் நேராக வைத்திருந்தது? அதை எவரும் எழுதவில்லை.

மொறிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் ஸ்மேர்னா நகரில் பிறந்து, கிரேக்க-துருக்கி யுத்தத்தின்போது 1922இல் குடும்பத்தோடு வெளியேறி இங்கிலாந்துக்கு வந்தவர். எங்களைப் போல ஓர் இடம்பெயர்ந்த ஆள் என்று சொல்லலாம், அவரது நிலைமை வேறு என்றாலும். சின்னக் காருக்கு முன்சில்லுகள் இரண்டும் தனித்தனியாக அசையவேண்டும் என்பது அவரது பிடிவாதம். ஸ்பிறிங்குக்குப் பதிலாக, காரின் நீளவாக்கில் கிடக்கும் ஒரு முறுக்குக் கம்பியை வைத்தார். சில்லு மேலே எழும்பும்போது கம்பி முறுகும். பின்னர் தன்பாட்டில் நிமிரும். பின்பக்கத்துக்கு வழமையான வில்லுத்தகடுகள்தான். சொக் அப்சோபர் இப்போதையது போன்ற குழாய் அல்ல. எண்ணெய் நிரப்பிய ஒரு பெட்டியும் அதிலிருந்து நீட்டிய ஒரு கையும். முன்பக்கத்தில் அந்தக் கையே சில்லைப் பிடிக்கிற மேல்கையாகவும் வேலை செய்யும். ஆகவே சொக் அப்சோபர் பழுதாகிவிட்டது, கழற்றி எறிந்துவிட்டு ஓடுவோம் என்பது மைனரில் நடக்காத காரியம்.

இந்தக் காரின் பிறப்பிலேயே ஒரு மாற்று வேலை இருக்கிறது. மாதிரிக் கார் தயாரான பிறகு அது ஒடுக்கமாக இருக்கிறதென்று இசிகோனிஸ் நினைத்து, அதை நடுவால் வெட்டிப் பிரித்து வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். ஆனால் பம்பர்கள் பழைய அளவில் ஏற்கெனவே செய்தாகிவிட்டன. அவற்றை எறியவில்லை. நடுவில் வெட்டி, ஒரு துண்டு தகட்டை வைத்துப் பொருத்தினார்கள். தொடக்க வருடங்களில் வந்த மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டை இன்றும் காணலாம். பழைய கார் சேகரிப்பவர்களுக்கு இன்று அந்த ஒட்டுப்போட்ட பம்பர்தான் ஒறிஜினல். இதை நினைவில் வைத்திருங்கள்.

யுத்தத்துக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்கிற கம்பனிக்குத்தான் உருக்குப் பங்கீடு கிடைக்கும். அதனால் ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்துக் கௌலியில் செய்த மைனரும், பேர்மிங்ஹாமின் லோங்பிறிட்ஜில் செய்த ஒஸ்ரினும் உள்ளூர்க்காரன் வருடக்கணக்கில் காத்திருக்க, கப்பலேறிக் கொழும்புக்கு வந்தன. எங்கள் வீதிகளில் ஏ40 சோமர்செற்றும், ஏ30உம், பிறகு கேம்பிறிட்ஜும் நிறைந்ததற்கு எங்களுடைய ரசனை காரணமல்ல. 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே கம்பனியாகின. மைனர் 1960களின் தொடக்கத்திலேயே பத்து இலட்சத்தைத் தாண்டியது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார் அதுதான். 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சத்தை எட்டியிருந்தது.

பெரியப்பாவின் கார் 1958ஆம் ஆண்டுக் கார். ஊரில் காரின் வயதை இலக்கத் தகட்டில் வாசிக்கலாம். இ.எல்., இ.என்., இ.வை. என்று ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அதற்கு முந்தியது. சிங்கள ஸ்ரீ எழுத்து என்றால் 1957க்குப் பிந்தியது. அந்த எழுத்துக்குத் தார் பூசிச் சிறைக்குப் போனவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். அதே எழுத்தைத் தாங்கிய கார்கள் முப்பது, நாற்பது வருடம் எங்கள் கல்யாணங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. கார் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டது. கார் இறக்குமதி இறுகியது. 1970 தொடக்கம் 1977 வரை ஆண்ட அரசின் காலத்தில் கதவு ஏறத்தாழ முழுக்க அடைபட்டது. ஆனால் அதே கதவு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அடைபட்டதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் கையில் காசு புரண்டது. நீர்வேலிப் பக்கம் இரண்டு போகம் மிளகாய் வைத்த காசில்தான் பெரியப்பா இந்தக் காரை வாங்கினார். காரை வாங்கப் பணம் கொடுத்த அதே தடை, அந்தக் காருக்கு ஒரு புஷ் வாங்க விடவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் பாதியில் விட்டுவந்த படிப்பில் இறக்குமதிப் பதிலீடு என்று ஒரு பாடம் இருந்தது. இந்த முடிச்சை எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை. பெரியப்பாவின் கணக்குக் கொப்பியில்தான் கண்டேன்.

அந்த நாட்களில் மாற்றுப் பாகம் தேடுவது என்றால் யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்குப் போய், மருதானையில் இறங்கி, பஞ்சிகாவத்தையில் கடை கடையாக நடப்பது. செத்த கார்களின் எலும்புகள் எல்லாம் அங்கே வரும். அங்கே ஒரு சாத்திரம் உண்டு: எந்தக் காரின் எது எதற்குப் பொருந்தும் என்பது. வூல்ஸ்லி 1500, றைலி 1.5 இரண்டும் மைனரின் அடித்தளத்தில் கட்டப்பட்டவை. ஆகவே அவற்றின் முன்கால் மைனருக்கு உறவு. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ50 வைத்திருந்தவர்கள் இந்தியப் பக்கம் பார்த்தார்கள். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் மறுபிறப்பு. 1959க்குப் பிறகு அதில் இருந்தது கேம்பிறிட்ஜில் இருந்த அதே 1489 சி.சி. எஞ்சின். வள்ளங்களில் புடைவையோடு பிஸ்ரனும் றிங்கும் வந்திறங்கிய காலம் ஒன்று இருந்தது என்று பெரியப்பா சொல்வார். "எஞ்சின் பொருந்தும், கால் பொருந்தாது" என்பது அவருடைய பழமொழி. அம்பாசிடருக்கு முறுக்குக் கம்பி. கேம்பிறிட்ஜுக்குச் சுருள் ஸ்பிறிங். தாய் ஒன்று, கால் வேறு.

இங்கிலாந்துக்காரனும் இதே சாத்திரத்தைக் கற்றவன்தான். 1971இல் வந்த மொறிஸ் மரீனா, மைனருடைய முன்காலை அடியொற்றியே செய்யப்பட்டது. இந்த ஊர் மைனர் பிரியர்கள் மரீனாவின் டிஸ்க் பிறேக்கைக் கழற்றி மைனரில் பூட்டினார்கள். ஏன், நாங்கள் இருக்கும் இந்தக் குறொய்டனிலேயே பேர்லி வேயில் ட்றோஜன் என்றொரு கார்த் தொழிற்சாலை இருந்தது. லெஸ்லி ஹவுன்ஸ்பீல்ட் வரைந்த அந்தக் காரின் ரயருக்குள் காற்றே இல்லை, முழு றப்பர். காற்று செய்யவேண்டிய வேலையை நீண்ட மெத்தென்ற ஸ்பிறிங்குகளிடம் விட்டுவிட்டார். புறூக் பொண்ட் கம்பனி அந்த வான்களை வாங்கி வீதி வீதியாகத் தேயிலை விற்றது. அந்தத் தேயிலைக்குள் எங்கள் மலையகத்துத் தேயிலையும் இருந்திருக்கும். பேர்லி வேயில் இப்போது தளபாடக் கடைகள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் இந்த ட்றோஜன் ஞாபகம் வரும். விஷயத்துக்கு வருகிறேன்.

1983 ஆடிக்குப் பிறகு பஞ்சிகாவத்தைப் பயணங்கள் குறைந்தன. 1990 ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, ஆனையிறவுப் பாதை அடைபட்டது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருள், பற்றறி, சீமெந்து, சவர்க்காரம் எல்லாவற்றோடும் வாகன உதிரிப்பாகங்களும் சேர்ந்தன.

இனி ட்றனியனுக்கு வருவோம். அது ஏன் தேய்ந்தது? கிறீஸ் இல்லை. மைனரின் கைநூல் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடி என்கிறது. கிறீஸ் என்பது என்ன? எண்ணெயைச் சவர்க்காரத்தால் தடிப்பாக்கியதுதான். எண்ணெயும் தடை, சவர்க்காரமும் தடை. பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்த காலத்தில் கிங் பின்னுக்குச் சவர்க்காரம் சீவிப்போட எந்த வீட்டுப் பெண் விடுவாள்? பெரியப்பா ஒருமுறை அரைக் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, எரிந்த எஞ்சின் ஒயிலில் காய்ச்சினார். பெரியம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு ஆமணக்கெண்ணெய், மெழுகு என்று ஏதேதோ போட்டுப் பார்த்தார்கள். கிளாலிக்குப் போகிற மணல் வழி எல்லாவற்றையும் தின்றது. கொழும்புக்குப் போகவேண்டிய சனம் கிளாலியில் வள்ளம் ஏறவேண்டும். அதுவரை அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்த நாட்களில் ஹயர்.

1992இல், உறவினர் ஒருவர் கொழும்பிலிருந்து வரும்போது ஒரு சோடி றப்பர் புஷ்ஷைப் பால்மா ரின்னுக்குள் தாட்டுக் கொண்டுவந்தார். ஒரு சோதனைச் சாவடியில் ரின்னைக் கொட்டிப் பார்த்தார்கள். புஷ்ஷும் போயிற்று, பால்மாவும் போயிற்று.

றப்பர் புஷ்ஷுக்கு வழி கண்டுபிடிப்பது பெரிய வித்தையாக இருக்கவில்லை. லொறி ரயரின் தடித்த பக்கத்தில் குழாயைக் காய்ச்சி வைத்துத் துளைத்து எடுத்தார்கள். வில்லுத்தகடு உடைந்தால் கம்மாலைக்குப் போனார்கள். ஊர்க் கொல்லர்கள் பரம்பரையாக லொறியின் பழைய வில்லுத்தகட்டை வாங்கித்தான் கத்தியும் மண்வெட்டியும் அடிப்பார்கள். உருக்கை எவ்வளவு சிவக்க விட்டு எப்போது எண்ணெயில் தோய்த்தால் முறியாது, வளையாது என்பது அவர்களுக்குக் கண்ணளவு. இதுவரை ஸ்பிறிங்கைக் கத்தியாக்கியவர்களிடம், இப்போது ஒரு ஸ்பிறிங்கை ஒதுக்கி அதே ஸ்பிறிங்காக வைத்திருக்கச் சொன்னார்கள். நீளத்தைக் குறைத்து, வளைவை மாற்றி, மீண்டும் பதம் ஏற்றி. "வேலை சின்னன், ஆனால் பொறுப்பான வேலை" என்று அந்த மனிதர் சொன்னது ஞாபகம். கத்தி முறிந்தால் கத்திதான் போகும்.

ட்றனியன்தான் கஷ்டம். கோண்டாவில் பஸ் டிப்போவில் முன்பு வேலைசெய்த ஒருவர் தன் வீட்டுக் கொட்டிலில் ஒரு லேத் வைத்திருந்தார். அவரை நாங்கள் லேத்து மாமா என்போம். மின்சாரம் இல்லை, தோட்டத்துக்கு நீர் இறைக்கும் லிஸ்ரர் எஞ்சினோடு பட்டி போட்டு, அதையும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார். எஞ்சின் ஒரே சீராக ஓடாது. அதற்கேற்ப அவருடைய கை போகும்.

தேய்ந்த கட்டையின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்குவார். அதற்குள் இறுக்கமாகப் போகிற ஒரு பித்தளைக் கோதைச் செய்து அடிப்பார். கிங் பின்னின் தேய்ந்த புரியை மெதுவாகச் சுரண்டி ஒழுங்காக்குவார். அது பழைய அளவைவிட ஒரு மயிரளவு சிறுத்துவிடும். பிறகு அந்தச் சிறுத்த புரிக்கு அளவாகக் கோதின் உள்ளே புதிய புரி வெட்டுவார். இங்கேதான் சிக்கல். மைனரின் ஒரு பக்கத்துப் புரி வலப்பக்கம் சுற்றும். மற்றப் பக்கத்துப் புரி இடப்பக்கம் சுற்றும். இடப்புரி வெட்டுகிற ஆயுதம் எங்கும் கிடையாது. அதையும் அவரே ஓர் உடைந்த அரத்திலிருந்து தீட்டிச் செய்திருந்தார். நான் அறிய அவருடைய கொட்டிலில் பெறுமதியான பொருள் அந்த ஒரு துண்டு இரும்புதான். யாருக்கும் தொடக் கொடுக்கமாட்டார்.

பித்தளைக்கு எங்கே போவது? இதை நான் சாட்சியாகச் சொல்லலாம். ஹெலிகொப்ரர்கள் மேலிருந்து ஐம்பது கலிபர் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போனபின், வெற்றுச் சன்னக் கோதுகள் தோட்டங்களிலும் கூரைகளிலும் கிடக்கும். பங்கரிலிருந்து வெளியே வந்ததும் பொடியள் எல்லோரும் பொறுக்க ஓடுவோம். எனக்கு அப்போது ஆறு வயது. சூடு ஆறாத கோதை எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. லேத்து மாமா ஒரு பனங்கட்டி தருவார். கோதுகளை மட்டும் உருக்கி வார்த்தால் மிருதுவாக இருந்து கெதியில் தேய்ந்துவிடுமாம். அதனால் உடைந்த வெண்கலப் பாத்திரத் துண்டுகளும் சேர்ப்பார். வெண்கலத்தில் உள்ள வெள்ளீயம் தேய்மானத்தைத் தாங்கும் என்பதைப் பிற்பாடுதான் புத்தகத்தில் வாசித்தேன். அவர் அதை எந்தப் புத்தகத்திலும் வாசித்திருக்கமாட்டார்.

இந்த முறையில் செய்த கட்டை அந்த ஒரு காருக்கு, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். பக்கத்து வீட்டு மைனருக்குப் போகாது. கௌலித் தொழிற்சாலையின் முழுத் தத்துவமும் எந்தக் கட்டையும் எந்தக் காருக்கும் போகும் என்பது. லேத்து மாமாவின் கட்டை அந்தத் தத்துவத்தைத் தலைகீழாகத் திருப்பியது. ஒவ்வொரு காரும் தன் தன் தேய்மானத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் பின்னாளில் லண்டனில் அறிந்துகொண்ட ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். பாத் நகரில் சாள்ஸ் வெயர் என்பவர் மொறிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையத்தை நடத்தினார். புதிய கார் வாங்குவதைவிடப் பழைய காரின் பாகங்களை மாற்றி மாற்றி வைத்திருப்பது சிக்கனம் என்று 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். பெரியப்பாவிடம் கொடுத்திருந்தால், "இதுக்கு ஒரு புத்தகமோ?" என்றிருப்பார். அந்த வெயர் 1990களின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு பங்காளியோடு சேர்ந்து 'டியூறபிள் கார் கம்பனி' என்ற பெயரில் ஒரு வேலைத்தலத்தைத் தொடங்கினார். மைனருக்கான தகட்டுப் பாகங்களை அங்கே கைத்தொழிலாளர்கள் தட்டி எடுத்தார்கள். அவை கப்பலேறிப் பிரித்தானியாவுக்கு வந்தன. ஆங்கிலேயர்கள் தங்கள் மைனர்களில் அவற்றைப் பூட்டினார்கள்.

நல்ல காரியம். அந்தத் தொழிலாளர்கள்மீது எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அவர்களும் கொட்டிலில் நின்று கண்ணளவில் இரும்பை வளைத்தவர்கள்தான். லேத்து மாமா அவர்களோடு ஒருநாள் இருந்திருந்தால், பாஷை தெரியாமலே பின்னேரம் வரை கதைத்திருப்பார். நான் சொல்ல வருவது வேறு. ஒரே தீவு. ஒரே கார். ஏறத்தாழ ஒரே வருடங்கள். தீவின் ஒரு பக்கத்தில் மைனருக்கு மாற்றுப் பாகம் செய்வது ஏற்றுமதி. படம் எடுத்துப் பத்திரிகையில் போடத்தக்க கைத்திறன். மற்றப் பக்கத்தில் மைனருக்கு ஒரு புஷ் கொண்டுபோவது குற்றம். பால்மாவுக்குள் ஒளிக்கவேண்டிய பொருள். முதலாவதற்குப் பெயர் உண்டு, பதிவு உண்டு, விலைப்பட்டியல் உண்டு. இரண்டாவதற்கு என்னைப் போன்ற சிலரின் ஞாபகம் மட்டுமே உண்டு. அதுவும் ஆறு வயதுப் பிள்ளையின் ஞாபகம்.

1995 ஐப்பசி 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. பெரியப்பாவின் மைனருக்குள் பதினான்கு பேர்; கூரையில் நெல்மூட்டை இரண்டு, ஒரு தையல் மெசின். நாவற்குழிப் பாலத்தை நெருங்க ஏழு மணித்தியாலம் எடுத்தது. சனம் காரைச் சுற்றி நெருங்கி நடந்ததால் கார் நடையிலும் மெதுவாகத்தான் போயிற்று. ஒவ்வொரு பள்ளத்திலும் பெரியப்பா கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி முன்சில்லைப் பார்ப்பார். அதை என்னிடம் கேட்டால் இன்றும் அப்படியே நடித்துக் காட்டுவேன். சில்லு மடங்கவில்லை. விடியும்போது கைதடியைத் தாண்டிவிட்டோம். இரண்டு பித்தளைக் கோதுகளில் பதினான்கு பேர் தப்பினோம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். பக்கத்தில் நடந்துபோன ஆயிரக்கணக்கானோரும் தப்பத்தான் செய்தார்கள். ஆனால் அந்தக் காருக்குள் நடக்க முடியாத ஆச்சி ஒருத்தியும், பிறந்து பன்னிரண்டு நாளான ஒரு குழந்தையும் இருந்தார்கள்.

லேத்து மாமா லேத்தைக் கொண்டுவர முடியுமா? இடப்புரி வெட்டும் ஆயுதத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். 1996 சித்திரையில் சனம் வலிகாமத்துக்குத் திரும்பியபோது கொட்டிலில் லேத் இருந்த இடத்தில் நான்கு போல்ற் ஓட்டைகள்தான் இருந்தன. அவர் மீண்டும் தொழில் தொடங்கவில்லை.

2002 சித்திரையில் ஏ-9 பாதை திறந்தது. லொறி லொறியாகச் சாமான் வந்தது. இளம்பொடியள் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். தெற்கிலிருந்து பழைய கார் வாங்க ஆட்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் மைனரும் சோமர்செற்றும் இன்னும் ஓடுகின்றன என்பது அவர்களுக்கு அதிசயம். பெரியப்பாவுக்கு ஹயர் குறைந்திருந்தது. முழங்கால் வருத்தம் வேறு. 2004இல் காரை விற்றார். வாங்க வந்தவர் மரியாதையான மனிதர். கூடவே ஒரு மெக்கானிக்கையும் புதிய கிங் பின் சோடியையும் கொண்டு வந்திருந்தார். கொழும்பு வரை ஓட்டிப்போக வேண்டுமென்பதால் எங்கள் முற்றத்திலேயே முன்காலைக் கழற்றினார்கள். மெக்கானிக் பித்தளைக் கோதைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். சிரித்தார். பிறகு அரைகுறைத் தமிழில், "இது ஒறிஜினல் இல்லை" என்று சொல்லிக் கிணற்றடிப் பக்கம் போட்டார்.

அவர்மேல் பிழையில்லை. பழைய காரைப் பழையபடி ஆக்குவது அவருடைய தொழில். முதல் வேலையாகக் கழற்றவேண்டியது இடையில் பூட்டியவற்றைத்தான். ஒட்டுப்போட்ட பம்பரை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேனல்லவா? தொழிற்சாலை போட்ட ஒட்டு என்றால் அது ஒறிஜினல். அதைத் தேடி அலைவார்கள். கோண்டாவிலில் போட்ட ஒட்டு என்றால் அது குப்பை. இப்படி வெளுத்துத் துப்புரவாக்கிய எங்கள் கார்கள் இன்று கண்காட்சிகளில் 1958இல் வந்திறங்கியதுபோல மினுங்கிக்கொண்டு நிற்கும். 1990க்கும் 2002க்கும் இடையில் அவற்றுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

பெரியப்பா அந்தக் கட்டையைப் பொறுக்கி ஆட்டுக்கொட்டில் கதவுக்கு அண்டை கொடுக்க வைத்திருந்தார். 2008இல் அவர் போய்விட்டார். ஐயாவின் கார் வேலை தொடங்கிய கிழமை நான் ஊரில் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து அது கிடக்கிறதா என்று கேட்டேன். "அந்தப் பித்தளைத் துண்டோ? பழைய இரும்புக்காரன் வந்தவன், கிலோக் கணக்கிலை குடுத்திட்டன்" என்றாள். "ஏன் அண்ணை, ஏதும் பெறுமதியானதோ?"

இல்லை என்றேன்.

போன திங்கட்கிழமை ஐயாவின் கார் ஜக்கிலிருந்து இறங்கியது. நாற்பது வருடம் கடந்த கார்களுக்கு 2018இலிருந்து எம்.ஓ.ரி. பரிசோதனை கட்டாயமில்லை, ஆகவே புரி தேய்ந்ததா என்று பார்ப்பது சொந்தக்காரனின் பொறுப்பு. கிறீஸ் அடிக்கவேண்டிய இடங்களை ஐயாவுக்குக் காட்டிக்கொடுத்தேன். தோர்ண்டன் ஹீத் மணிக்கூட்டுக் கோபுரம் வரை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தோம். கழற்றிய பழைய ட்றனியன்களை என்னிடமே தந்துவிட்டார். அதை வைத்து லேத்து மாமாவின் கோதை, கடையின் ஓடர்ப் புத்தகத்துத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து பார்த்தேன்.

இதை வாசிப்பவர்களில் நெல்லியடி, சாவகச்சேரி, கோண்டாவில், மானிப்பாய்ப் பக்கம் கராஜோ லேத்தோ கம்மாலையோ வைத்திருந்தவர்கள், அல்லது அவர்களிடம் வேலை பழகியவர்கள் இருப்பீர்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் பெற்றோல் நிலையக் காசுப்பெட்டிக்குப் பின்னாலும், என்னைப்போல அடுப்படியிலும் நிற்பீர்கள். எதை எதனால் செய்தீர்கள், எந்தக் காருக்கு, எந்த வருடம் என்று இந்தச் சஞ்சிகைக்கு எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். அளவு ஞாபகமிருந்தால் அளவையும் போடுங்கள். ட்றனியன் செய்தவர்கள், எந்தப் பக்கத்துக்கு இடப்புரி என்பதையும் குறிப்பிடுங்கள்.